ஆய்வுக்கு ஆள் வரும் முன்னே, கேள்வியோடு நாம் வருவோம்!



நகரத்துச் சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி மறுபடியும் குடிதண்ணியாக்கும் காலம் வந்துவிட்டது. இது வெறும் பேச்சு இல்லை. மத்திய அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டம், நகரங்கள் தங்கள் மொத்தத் தண்ணீர்த் தேவையில் 20 சதவீதத்தையும், தொழிற்சாலைத் தேவையில் 40 சதவீதத்தையும் மறுசுழற்சி நீரால் ஈடுகட்ட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு வந்தால் நிதி வரும். நிதி வந்தால் டெண்டர் வரும். அந்த முதல் டெண்டர் குழாய் பதிக்க இல்லை, இஞ்சினியர் கம்பெனியை அமர்த்தி ஆய்வு செய்ய. "விரிவான திட்ட அறிக்கை" என்று அதற்குப் பெயர்.

இரும்பையைச் சுற்றிப் பாருங்கள். தெற்கே புதுச்சேரி. கடலோரத்தில் 2021இல் நகராட்சியான கோட்டக்குப்பம். வடக்கே மரக்காணம் பேரூராட்சி. வடமேற்கே திண்டிவனம், மேற்கே விழுப்புரம். இன்று இல்லாவிட்டால் நாளை, இந்த ஊர்கள் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். அப்போது நம்ம ஏரிக்கரையில் யாரோ நாலு பேர் அளவுகோலோடு வந்து நின்ற பிறகு "என்ன சார், என்ன வேலை நடக்குது?" என்று கேட்பதில் பயன் இல்லை. அதற்கு முன்பே நாம் பேசியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பிரசுரம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சாக்கடை நீரைச் சுத்தம் செய்து பயன்படுத்துவதை நம் சங்கம் எதிர்க்கவில்லை. "அது அசுத்தம், தீட்டு" என்று முகம் சுளிக்கிற பேச்சில் நமக்குச் சம்பந்தம் கிடையாது. எருவை அள்ளிக் கொட்டிச் சோறு விளைவிப்பவர்கள் நாம். தண்ணிக்குச் சாதி கிடையாது. சுத்தமா இல்லையா என்பதுதான் கேள்வி. நகரம் தன் தண்ணியைத் தானே திருப்பிப் பயன்படுத்தினால், நம் நிலத்தடி நீரை உறிஞ்சுவது குறையும். அது நமக்கு நல்லது. ஆனால் ஆய்வு நடக்கும்போது நம்மைக் கேட்காமல் நடந்தால், அதே திட்டம் நம் தலையில் விடியும்.

இது நம்ம பிரச்சினையா?

"டவுன்காரன் குடிக்கிற தண்ணிக்கு நாம ஏன் கவலைப்படணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். இந்த வித்தியாசத்தைப் பற்றித் தனியாகவே ஒரு போராட்டம் நடத்தலாம். அது இருக்கட்டும். கொடுக்கிற தண்ணியில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும் என்பது இஞ்சினியர்கள் போடும் கணக்கு. அப்படியானால் ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் இருந்து தினமும் ஒரு கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் வரும். ஒரு கோடி லிட்டரை வயலில் இரண்டு அங்குல உயரத்துக்கு நிறுத்தினால் ஏறக்குறைய 50 ஏக்கர் நனையும். தினமும் 50 ஏக்கர்! இந்தத் தண்ணி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் இருந்து.

நமக்கு அடியில் இருப்பது வானூர் மணற்பாறை, கடலூர் மணற்பாறை என்று சொல்லப்படும் நீர் அடுக்குகள். நம்ம போரும், வானூர் வட்டாரத்துப் போர்களும், புதுச்சேரி நகரத்தின் போர்களும் சேர்ந்து ஒரே பானையில் இருந்துதான் மொள்ளுகின்றன. தரைக்கு மேலே தமிழ்நாடு, புதுச்சேரி என்று எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். தரைக்கு அடியில் எல்லைக்கல் இல்லை. மொண்டுகொண்டே இருந்தால் கடல் உள்ளே ஏறும். மரக்காணத்தில் உப்பு விளைவது தொழில். நம்ம கிணத்திலும் உப்பு விளைந்தால் அது சாவு. மணிலாவும் நெல்லும் அந்தத் தண்ணியில் தேறாது.

ஆகவே டவுன்காரன் எந்தத் தண்ணியைக் குடிக்கிறான், குடித்த பிறகு அதை எங்கே விடுகிறான் என்ற இரண்டும் நம்ம பிரச்சினைதான்.

சென்னையில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி சென்னைதான். மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலேயே சென்னைக் குடிநீர் வாரியத்திடம் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கின. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாள் ஒன்றுக்கு தலா நாலரைக் கோடி லிட்டர் தரும் மறுசுழற்சி நிலையங்கள் செயலுக்கு வந்தன. கொடுங்கையூர்த் தண்ணி மணலி ஆலைகளுக்கும், கோயம்பேட்டுத் தண்ணி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் என்று ஏற்பாடு.

அதே 2019 கோடையில்தான் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணி போனது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்த வறட்சியை ஒட்டிய ஆண்டுகளில்தான் அடுத்த அடியும் எடுத்து வைத்தார்கள். நெசப்பாக்கத்தில் நாளுக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீரை மிக நுண்ணிய வடிகட்டியில் சுத்தம் செய்து, போரூர் ஏரியில் சேர்த்து, அங்கிருந்து எடுத்து மறுபடி சுத்தம் செய்து குடிநீராகக் கொடுப்பது என்ற திட்டம். குழாயில் நேராக விடாமல் ஏரி வழியாகச் சுற்றிக் கொண்டுவருவதால் இதை மறைமுக மறுபயன்பாடு என்கிறார்கள்.

கவனியுங்கள்: நடுவில் ஒரு ஏரி தேவைப்படுகிறது. நகரத்தில் ஏரி ஏது? இருந்ததை எல்லாம் பிளாட் போட்டு விற்றாயிற்று. மிச்சம் இருப்பது நம்ம ஏரிகள்தான்.

இஞ்சினியர் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார்

இஞ்சினியர்கள் மேல் நமக்குப் பகை இல்லை. நம்ம பிள்ளைகளும் அந்தப் படிப்புதான் படிக்கிறார்கள். ஆனால் ஒரு உண்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆய்வுக்கு அமர்த்தப்படும் இஞ்சினியரிடம் ஒரு தாள் கொடுக்கப்படும். அவர் எதை எல்லாம் ஆராய வேண்டும், எதை எல்லாம் ஆராயத் தேவையில்லை என்று அதில் எழுதியிருக்கும். பணி வரையறை என்பார்கள். அதில் இல்லாத கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்காது. கேட்டால், "அது எங்க ஸ்கோப்பில் வரலைங்க" என்பார்கள்.

மீஞ்சூர் கதை இதற்குச் சாட்சி. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு சென்னைக்கு வடக்கே ஆரணியாறு, கொசஸ்தலையாறு பகுதியில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. நல்ல ஆய்வுதான். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் தண்ணி இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கிணறு போட்டு இறைத்தார்கள். சென்னை குடித்தது, ஆலைகள் ஓடின. கடல் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது. மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயியின் கிணறு உப்பானது. கடைசியில் அதே மீஞ்சூர் அருகே 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள், நாளுக்கு பத்துக் கோடி லிட்டர். நல்ல தண்ணி இருந்த இடத்தில் கடல் தண்ணியைக் காசு கொடுத்து வடிகட்டும் நிலை. "எவ்வளவு தண்ணி கிடைக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. "எடுத்த பிறகு அந்த ஊர்க்காரன் என்ன ஆவான்?" என்ற கேள்விதான் காற்றில் போனது.

நொய்யலைப் பாருங்கள். 1992இல் ஒரத்துப்பாளையம் அணையைத் திறந்தார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்றார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு அதில் வந்து தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயியே சொல்ல வேண்டிய கொடுமை! ஆற்று நீர்ப் பாசன விவசாயிகள் நீதிமன்றம் ஏறி, வருடக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தது. கெட்டுப்போன மண்ணுக்கு யார் தீர்ப்பு சொல்வது?

கர்நாடகத்தில் கோலார் மாவட்டம். பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, நாளுக்கு 44 கோடி லிட்டர் கோலார் ஏரிகளுக்குத் தருவதாகத் திட்டம். 2018 ஜூனில் தண்ணி வந்தது. ஜூலையில் லட்சுமிசாகர் ஏரியில் நுரை பொங்கியது. உயர் நீதிமன்றம் தண்ணியை நிறுத்தச் சொன்னது. பிறகு வழக்கும் வாதமுமாக இழுத்து, தண்ணி மறுபடி ஓடியது. வறண்ட கோலாரில் கிணறுகளில் நீர் ஏறியது உண்மை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் பெங்களூருவுக்கு ஒரு தரம், கோலாருக்கு ஒரு தரமா என்று அங்குள்ள விவசாயிகள் கேட்டார்கள். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்திவிட்டு, மூன்றாம் கட்டம் இல்லாமல் ஏரியில் விட்டதுதான் அவர்கள் எழுப்பிய பிரச்சினை. அது நியாயமான கேள்வி.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு

எல்லாரும் கெடுத்தார்கள் என்று சொல்வது நியாயம் ஆகாது. நம்ம பிள்ளைகள் பிழைக்கப் போகிற சிங்கப்பூரில் 1998இல் ஆய்வைத் தொடங்கினார்கள். 2000இல் ஒரு மாதிரி ஆலை கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். வெளிநாட்டு நிபுணர்களும் இருந்த குழு மேற்பார்வை பார்த்தது. 190 வகைப் பொருள்களுக்கு இருபதாயிரம் வரை பரிசோதனை. மீனுக்கும் எலிக்கும் அந்தத் தண்ணியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் குழு அறிக்கை கொடுத்தது, 2003இல்தான் மக்களுக்கு வந்தது. இன்றும் அந்தத் தண்ணியில் பெரும்பங்கு ஆலைகளுக்குப் போகிறது. வறட்சியில் மட்டும் நீர்த்தேக்கத்தில் கலக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் தலைநகரம் விந்தூக். பாலைவனத்து ஊர். 1968 முதல் கழிவுநீரைச் சுத்தம் செய்து குடிக்கிறார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனம் ஒன்றுதான்: வீட்டுக் கழிவுநீர் தனி, ஆலைக் கழிவுநீர் தனி என்று முதலிலேயே பிரித்தார்கள். மலஜலத்தைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறது. சாயமும் அமிலமும் உலோகமும் கலந்துவிட்டால் செலவு ஏறும், ஆபத்தும் ஏறும்.

ஆஸ்திரேலியாவில் தூவும்பா என்ற நகரம். ஊரைச் சுற்றி எல்லாம் விவசாயம். 2006 ஜூலையில் கழிவுநீரைக் குடிநீராக்கும் திட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 62 பேர் வேண்டாம் என்றார்கள். திட்டம் நின்றது. மக்களின் நம்பிக்கையைப் பெறாத திட்டம் எவ்வளவு பெரிய படிப்பாளி போட்டாலும் நிற்காது என்பதற்கு அது பாடம்.

மிஞ்சும் உப்புத் தண்ணி எங்கே போகும்?

இந்தச் சுத்திகரிப்பில் கடைசிக் கட்டமாகப் பல இடங்களில் வைப்பது ஆர்.ஓ. எந்திரம். தண்ணி கேன் கம்பெனியில் பார்த்திருப்பீர்கள். நூறு லிட்டர் உள்ளே விட்டால் எழுபத்தைந்து, எண்பது லிட்டர் நல்ல தண்ணியாக வரும். மீதி இருபது, இருபத்தைந்து லிட்டரில் நூறு லிட்டரில் இருந்த உப்பும் அழுக்கும் நாலைந்து மடங்கு அடர்த்தியாக நிற்கும். நல்ல தண்ணியைப் பற்றி அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மீதியை எங்கே விடுவது என்பதற்கு "அருகில் உள்ள நீர்நிலை" என்று ஒரே வரி போதும், நம்ம பிழைப்பு கெடுவதற்கு.

நம் பக்கத்தில் "அருகில் உள்ள நீர்நிலை" எது? கழுவெளி. 2021இல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த கழுவெளி. 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் ஏறிய கழுவெளி. அதை ஒட்டி மீனவர்கள், அதைத் தாண்டி மரக்காணம் உப்பளங்கள். "உப்பளத்தில் உப்புத் தண்ணியை விட்டா என்ன?" என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து யாராவது கேட்கலாம். உப்பளத்துக்கு வருவது கடல் தண்ணி. எந்திரம் கழிப்பது ஊர்க் கழிவின் சாறு. சோப்பும் மருந்தும் ரசாயனமும் சேர்ந்த உப்பு. வெயிலில் கால் வெடித்து உப்பு வாரும் தாய்மார்களின் தொழிலையும், அந்த உப்பைச் சோற்றில் போடும் மக்களையும் கேட்காமல் அந்த ஒரு வரியை எழுத யாருக்கும் உரிமை கிடையாது.

யாரை அமர்த்துவது, எப்படி அமர்த்துவது?

ஆய்வு செய்யும் கம்பெனிக்குத் திட்டச் செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசும் வழக்கம் உண்டு. அப்படிப் பேசினால் என்ன ஆகும்? நூறு கோடியில் முடிகிற வேலையை முந்நூறு கோடிக்குக் காட்டினால் அவருக்கு மூன்று பங்கு கூலி. "ஏரியைத் தூர் வாரினால் போதும், குழாய்க் கசிவை அடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்" என்று எந்தக் கம்பெனி எழுதும்? தரகரிடம் போய் நிலம் வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பாரா? ஆய்வு செய்தவரே பின்னால் கட்டுமான டெண்டரையும் எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

"இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கென்ன தெரியும்?" என்று நம்மில் சிலரே ஒதுங்குகிறோம். ஒதுங்கக் கூடாது. எந்த மழைக்கு எந்த ஓடை புரளும், எந்த மதகு அடைத்துக்கொள்ளும், எந்த வருஷம் கலிங்கல் வழிந்தது, எந்தத் தெருக் கிணறு முதலில் உவர்த்தது என்பது நம்ம பெரியவர்களுக்கும் மடை திறக்கும் நீர்க்கட்டிக்கும் தெரியும். அது எந்த லேப்டாப்பிலும் இல்லை. அவர்கள் கணக்கும் நம் அனுபவமும் சேர்ந்தால்தான் அது முழு ஆய்வு.

நமது கோரிக்கைகள்

1. கழிவுநீர் மறுபயன்பாடு பற்றி எந்த நகரமும் ஆய்வுக்கு ஆள் அமர்த்தும் முன், பணி வரையறையைத் தமிழில் வெளியிட வேண்டும். பாதிக்கப்படக்கூடிய ஊராட்சிகளின் கிராம சபையில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும்.

2. ஆய்வுக் கூலி நிலையான தொகையாக இருக்க வேண்டும். ஆய்வு செய்யும் நிறுவனமோ அதன் கூட்டாளியோ கட்டுமான டெண்டரில் கலந்துகொள்ளக் கூடாது.

3. "வேண்டாம்" என்று சொல்லவும் ஆய்வுக்கு இடம் இருக்க வேண்டும். ஏரி தூர் வாருதல், மழைநீர் சேமிப்பு, குழாய்க் கசிவைத் தடுத்தல் ஆகியவற்றின் செலவோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

4. ஆலை, மருத்துவமனை, பட்டறைக் கழிவுகளை வீட்டுக் கழிவுநீரில் இருந்து பிரிப்பது எப்படி என்று முதல் அத்தியாயத்திலேயே பதில் வேண்டும்.

5. மிஞ்சும் உப்புக் கழிவு எங்கே போகும் என்பதை இடம், அளவு, தரம் மூன்றோடும் எழுத வேண்டும். கழுவெளி, உப்பளம், பாசன ஏரி மூன்றும் கூடவே கூடாது.

6. எந்த ஏரியில் விடுவதானாலும் முன்னதாக ஒரு வருஷம் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் தரமும் அளந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுத வேண்டும். இது இல்லாமல் பின்னால் கெட்டுப்போனால் நிரூபிக்க நமக்கு வழி இல்லை.

7. நகரத்துக்கு மறுசுழற்சி நீர் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்கு நிலத்தடி நீர் எடுப்பதைக் குறைப்பதாக எழுத்தில் உறுதி தர வேண்டும். அதையும் எடுத்துக்கொண்டு இதையும் எடுப்பது என்றால் அது சுரண்டல்.

8. புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டு அரசுகளும் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

2022 முதல் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று மேற்கண்ட கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். மரக்காணம், வானூர் வட்டாரங்களில் ஒவ்வொரு ஊராட்சியிலும் கொண்டுவருவோம். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். உப்புத் தண்ணியில் சோறு வடிக்கப் போவது அவர்கள்தான். தீர்மான நோட்டில் எழுதி, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில் எந்த நகராட்சியிடமும் கேட்கலாம்: கழிவுநீர் மறுபயன்பாடு பற்றி ஆய்வு எதுவும் நடக்கிறதா, யாரை அமர்த்தினீர்கள், பணி வரையறை என்ன, கூலி எவ்வளவு என்று. மனு எழுதத் தெரியாதவர்கள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

நிலத்தை நம்மிடம் இருந்து யாரும் ஒரே நாளில் பிடுங்குவதில்லை. முதலில் தண்ணி போகும். பிறகு வெள்ளாமை போகும். பிறகு நாமே வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் வேலி போட்ட மனைகளைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வியைக் கையில் எடுத்தால் திட்டம் நல்ல திட்டமாக வரும், நகரமும் குடிக்கும், நாமும் பிழைப்போம். சும்மா இருந்தால் மீஞ்சூர் கதை நம் கதை ஆகும்.

கிராம சபையில் திரள்வோம்!
கேள்வி கேட்காமல் ஆய்வு இல்லை!
சம்மதம் இல்லாமல் திட்டம் இல்லை!
நிலத்தடி நீரைக் காப்போம், விவசாயத்தைக் காப்போம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், இரும்பை.